ஐந்தாவது திரை

முகங்களின் மேல் வெளிச்சம் விழுந்திருந்தது.

ஷாலினியின் கம்ப்யூட்டரில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் பூபதிக்கு அது உறைத்தது. வண்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்கள் அத்தனை பேர் முகத்திலும் மங்கலான மஞ்சள் வெளிச்சம். எதிரே யாரோ ஒரு விளக்கை ஏற்றித் தரையில் வைத்ததுபோல, கீழிருந்து மேலாக, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"இது எந்த ஸ்டாப்பு?"

"அஞ்சாவதுங்கண்ணா."

"அங்கதான் ஒண்ணுமே இல்லியே."

"அதைத்தானுங்கண்ணா நானும் காலைல இருந்து கேட்டுட்டு இருக்கறேன்."

சங்ககிரி தாண்டி பைபாஸ் ஓரம் பூபதி நடத்துகிற பொழுதுபோக்குப் பூங்காவில் 'பாதாளப் பயணம்' திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. காற்றுப் புகாத பெரிய கொட்டகைக்குள் கும்மிருட்டு. தண்டவாளத்தில் ஒரு வண்டி ஊர்ந்து போய், ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு உயரமான திரைகளின் முன்னால் நின்று நின்று நகரும். முதல் திரையில் குகை இடியும், அடுத்ததில் பாம்பு சீறும், அதற்கடுத்து எரிமலை, கடைசியாக ஒரு கடல். சீட்டு ஆடும், காற்று அடிக்கும், முகத்தில் தண்ணீர் தெளிக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கேமரா அலறுகிறவர்களின் முகத்தைப் பிடிக்கும். ஷாலினி அதை வெட்டி ஒட்டி 'ரியாக்‌ஷன்' என்று இணையத்தில் போடுவாள். கூட்டம் அதைப் பார்த்துத்தான் வந்தது.

கம்பெனிக்காரன் விலை சொன்னது ஐந்து திரைக்கு. சொன்ன விலைக்கு வாங்குவது என்பது பூபதியின் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம்; செய்தால் செத்துப்போன அப்பா எழுந்து வந்து கேட்பார். அவர் மாட்டுச் சந்தைத் தரகர். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து, வாயைத் திறக்காமல் ஒரு மாட்டை விற்று முடித்துவிடுவார். பூபதி போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டி, ரிக் லாரி வாங்கி, பூங்கா கட்டிய பிறகும் தோளில் ஒரு துண்டு கிடக்கும். வீட்டில் மகள் இலக்கியா ஐஸ்கிரீம் கேட்டால்கூடத் துண்டைப் போட்டுத்தான் பேரம். அவள் மூன்று விரலை நீட்டுவாள், இவன் இரண்டை மடக்குவான், அவள் ஒன்றைத் திரும்ப நிமிர்த்துவாள்.

அப்படித்தான் ஐந்து திரை நான்கானது. ஆனால் வண்டியின் புரோகிராமை மாற்றத் தனிக் கூலி கேட்டார்கள். பூபதி மாற்றவில்லை. எனவே கடைசியில் வண்டி ஒரு வெறும் சுவரின் முன் சிறிது நேரம் நின்றுவிட்டு வெளியே வரும். கறுப்புப் பெயின்ட் அடித்த சுவர். யாராவது கேட்டால், மூச்சு வாங்கட்டும் என்று விட்டிருக்கிறோம் எனச் சொல்ல நினைத்திருந்தான்.

யாரும் கேட்கவில்லை. அதுதான் விஷயம்.

"கமெண்டைப் படீங்கண்ணா," என்று ஷாலினி போனை நீட்டினாள்.

'குகை, பாம்பு எல்லாம் சும்மா. அஞ்சாவதுதான் மாஸ்.' குமாரபாளையத்திலிருந்து ஒருவன். 'எங்கூட்டையே காட்டுறாங்கப்பா! டிக்கெட்டுக்குக் குடுத்த போன் நம்பரை வெச்சுப் புடிச்சிருப்பானுங்க போல.' ஓமலூரிலிருந்து ஒரு பெண்: 'எங்க வாசல், எங்க தென்னமரம். பந்தல்கூடப் போட்டிருந்துச்சு. யார் ஊட்டுக் கல்யாணம்னு தெரியல, ஹா ஹா.' ஊதுபத்தி வாசம் தத்ரூபம் என்று இன்னொருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

பூபதிக்கு முதலில் வந்தது பயமில்லை. கம்பெனிக்காரன் அஞ்சாவதையும் கமுக்கமாக மாட்டிவிட்டுப் பின்னால் பில் அனுப்பப் போகிறானோ என்ற சந்தேகம்தான். விசிறிகள் சுற்றும் அந்தச் சிறிய கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, பக்கத்துக் கொட்டகையிலிருந்து சுவர் வழியாக வரும் அலறலையும் அதைத் தொடர்ந்து வரும் சிரிப்பையும் கேட்டுக்கொண்டே, அவன் அந்த முகங்களை மறுபடி பார்த்தான். நான்கு திரைக்கும் அலறியவர்கள் ஐந்தாவதில் அலறவில்லை. வாயை லேசாகத் திறந்து, தெரிந்த யாரையோ கூட்டத்தில் தேடுகிறவர்கள் மாதிரி, கண்ணை இடமும் வலமுமாக ஓட்டினார்கள்.

"நீ ஏறிப் பாத்தியா?"

"நான் மாட்டங்கண்ணா. நீங்க?"

அவனுக்கு ஊஞ்சலுக்கே தலை சுற்றும். சோதனை ஓட்டத்துக்கு மணல் மூட்டைகளைத்தான் ஏற்றி அனுப்பினார்கள். மூட்டைகள் ஒன்றும் சொல்லவில்லை.

"நிறுத்திரலாமாங்கண்ணா?"

ஜன்னல் வழியே பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில். வரிசை டிக்கெட் கவுண்டரைச் சுற்றி, கரும்புச்சாறு வண்டியைத் தாண்டி, ரோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் பாத்துக்கலாம்," என்றான்.

ஷாலினி போனில் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிக் காட்டினாள். ஆட்டையாம்பட்டிக்காரர் ஒருவர். முதல் நாளே ஏறியவர். 'எங்க ஊட்டு வாசல்ல பந்தல், நீல சேரு, எல்லாம் அருமை' என்று எழுதியிருந்தார். அதன் கீழே நேற்று அவரே மறுபடி எழுதியிருந்தது:

'அதே பந்தல். அதே சேரு. எம்பட மாமனார் போயிட்டாருங்க. நீங்க யாருங்க?'

அதற்குக் கீழே ஓமலூர்ப் பெண். 'எங்கூட்லயும்.' அவ்வளவுதான். ஹா ஹா இல்லை.

பூபதி அதை இரண்டு தரம் படித்தான். தரகர் வேலுசாமிக்குப் போன் போட்டான். கம்பெனிக்கும் இவனுக்கும் நடுவில் நின்று பேரம் முடித்தவர். அப்பாவோடு சந்தைக்குப் போனவர்.

"ஏனுங்க வேலுசாமியண்ணா, அஞ்சாவது சுவத்துல கம்பெனிக்காரன் எதையாச்சும் மாட்டிட்டானா?"

"நாலுதானுங்களே பூபதி வாங்குனீங்க. அஞ்சாவது பெட்டியே வரலீங்களே."

"சரிதானுங்க. நீங்களும் நானும் கொட்டாய்க்குள்ள நின்னு துண்டு போட்டுப் பேசுனதுதான்."

மறுமுனையில் லாரி ஹாரன் ஒன்று நீளமாகப் போய் அடங்கியது.

"நானுங்களா?"

"நீங்கதான். கரண்ட்டு இல்லாத அன்னைக்கு."

"தமாசு பண்றீங்களா. அன்னைக்கு என் வண்டி பவானிப் பாலத்துல மாட்டிக்கிச்சுங்க. நான் வாரப்ப நீங்க வெளிய டீ குடிச்சுட்டு இருந்தீங்க. 'பேசியாச்சு, நாலுதான்'னீங்க. கம்பெனில நேரா பேசி முடிச்சுட்டீங்களாட்ட இருக்குதுன்னு நானும் உட்டுட்டேன். கொட்டாய்க்குள்ள நான் காலே வெக்கலீங்க சாமி."

பூபதி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்த நாள் அப்படியே வந்தது. புதுத் தகரமும் ஈரச் சிமெண்டும் மணக்கும் இருட்டு; கூரையில் எங்கோ ஒரு ஆணித் துளை வழியே ஊசிபோல ஒரு வெளிச்சம்; ஐந்தாவது சுவரருகே செருப்புச் சத்தமில்லாமல் வந்து நின்ற ஆள். வேலுசாமி வழக்கம்போல் பேசாமல் வந்து நிற்கிறார் என்று இவன் துண்டைப் போட்டான். கை வந்தது. சில்லென்றிருந்தது. ஏசி காரில் வந்த கை என்று நினைத்துக்கொண்டான். ஐந்து விரலையும் பிடித்தது. இவன் ஒன்றை மடக்கினான். அது விடவில்லை. இவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அஞ்சாவதை நீங்களே வெச்சுக்கங்க."

உள்ளங்கையில் ஒரு தட்டு. பேரம் முடிந்ததற்கான தட்டு.

"வண்டியை நிறுத்து," என்றான் ஷாலினியிடம்.

"இப்பத்தான் ஒரு வண்டி உள்ள போயிருக்குதுங்கண்ணா. அக்காவும் பாப்பாவும்தான். உங்ககிட்டச் சொல்லீட்டுத்தான் வந்தோம்னாங்க."

சொல்லியிருந்தாள். காலையில் இலக்கியா, 'இன்னைக்கு வாரோம்ப்பா' என்று அனுப்பியிருந்தாள். கூட்டத்தில் அவன் பார்த்துவிட்டு மறந்துபோயிருந்தான்.

மானிட்டரில் இரண்டு முகங்கள். மனைவி அன்புச்செல்வி கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். இலக்கியா இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். எரிமலைச் சிவப்பு. கடல் நீலம். பிறகு இருட்டு.

பிறகு மஞ்சள்.

இலக்கியாவின் கைகள் மெல்ல இறங்கின. எதையோ சுட்டிக் காட்டினாள். அன்புச்செல்வி புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் ஓடிப்போய் நின்றபோது இருவரும் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்பா! நம்மூடுங்கப்பா!" இலக்கியாவுக்கு மூச்சு வாங்கியது. "எப்பப்பா எடுத்தீங்க? கேட்டுல என்ற சைக்கிள்கூட நிக்குது!"

"யார் யார் இருந்தாங்க சாமி?"

"நீங்க மட்டுந்தான். சேர்ல உக்காந்திருந்தீங்க. தலையில கைய வெச்சுட்டு."

"அம்மா?"

"அம்மாவைக் காணோம். என்னையுங் காணோம். உள்ள, அளக்கற படியில நெல்லை ரொப்பி வெச்சு, பக்கத்துல வெளக்கு. ரெண்டு வெளக்கு."

அன்புச்செல்வி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, கூத்துக்கு ஒரு அளவு இல்லீங்களா? சொந்த ஊட்டை எழவூடாட்டவா காட்டுவீங்க? மொதல்ல அதைக் கழட்டி எறியுங்க."

"எறிஞ்சர்றேன்," என்றான். "ரெண்டு பேரும் இங்கயே இருங்க. எங்கியும் போகாதீங்க."

பூபதிக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. பேசிய பேரத்தைத் திரும்பப் பேசுவது.

காலி வண்டியில் தனியாக ஏறினான். கம்பி இறங்கி மடியை அழுத்தியது. ஷாலினி கண்ணாடிக்குப் பின்னால் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றாள். ஓட்டு என்று சைகை காட்டினான். ரப்பர் கதவுகள் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டன. வெளியே இருந்த வெயிலும் கூச்சலும் கரும்புச்சாறு மெஷினின் மணியும் ஒரே இழுப்பில் அறுந்துபோக, எஞ்சியது தண்டவாளத்தின் கிரீச்சும் அவனுடைய மூச்சும்தான். குகை இடிந்தது, பார்க்கவில்லை. பாம்பு சீறியது. தண்ணீர் முகத்தில் பட்டது. தலை சுற்றியது, வாய் புளித்தது, அவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சிறுவன் பாடம் ஒப்பிப்பதுபோல் விரல்களை மடக்கி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டான்.

வண்டி நின்றது.

கறுப்புச் சுவர். வெறும் சுவர். அவனுக்கு அழுகை வந்தது, நிம்மதியில்.

ஊதுபத்தி மணத்தது.

சுவர் பின்னால் போனது. எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. அவன் வாசல். பந்தல். நீல சேர்கள், வரிசை வரிசையாக, எல்லாம் காலி. ஒன்றில் மட்டும் அவன். தலை குனிந்திருந்தது. வழுக்கை தெரிந்தது. உள்ளே இரண்டு விளக்குகள்.

பக்கத்துச் சீட்டு அமுங்கியது.

அவன் திரும்பவில்லை. சந்தையில் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். துண்டை விரித்துப் பக்கத்தில் நீட்டினான். கையை உள்ளே விட்டான்.

சில்லிப்பு. அதே கை.

இரண்டு விரலைப் பிடித்தது.

அவன் இரண்டையும் மடக்கினான். அது நிமிர்த்தியது. மடக்கினான். நிமிர்த்தியது. அவசரமில்லை அதற்கு. அவன் பற்களைக் கடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் மடக்கினான். ஒன்று. ஒன்றே ஒன்று. என்னை எடுத்துக்கொள். மனசுக்குள் கத்தினான். என்னை.

அந்தக் கை யோசித்தது.

பிறகு உள்ளங்கையில் தட்டியது.

வீட்டுக்குள் ஒரு விளக்கு அணைந்தது. பூபதி சிரித்தான். சத்தமாக, தேம்பலும் சேர்ந்து. முடிந்தது. ஒன்றுக்கு முடித்துவிட்டான். அப்பா இருந்தால் முதுகில் தட்டியிருப்பார். இரண்டு கையையும் எடுத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வண்டி அசைந்தது. சுவர் முன்னால் வந்துகொண்டிருந்தது. அது முழுக்க மூடுவதற்குள் கடைசியாக ஒருமுறை பார்த்தான்.

சேரில் அவன் இன்னும் உட்கார்ந்திருந்தான்.

எந்த மாடு என்று காட்டாமல் யாரும் விலை பேசமாட்டார்கள். எந்தச் சந்தையிலும். சின்னப் பையன்கூட. அவன் விரலைத்தான் காட்டினான், ஆளைக் காட்டவில்லை.

ரப்பர் கதவுகள் பிளந்தன. வெயில் கண்ணைக் குத்தியது. வரிசையில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள், போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள். மேடையின் விளிம்புக்கு இலக்கியா ஓடி வந்தாள், ஒரு கையில் போன்.

"அப்பா, ரியாக்‌ஷன்! ரியாக்‌ஷன் குடுங்க!"

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

அவள் பார்வை பக்கத்துச் சீட்டில் விரித்துக் கிடந்த துண்டின் மேல் போனது. அது நடுவில் புடைத்திருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஐஸ்கிரீம். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே குனிந்து, துண்டுக்கு அடியில் கையை விட்டாள்.

"ஏப்பா," என்றாள் சிரித்தபடி, "உங்க கை ஏன் இப்பிடிச் சில்லுனு இருக்குது?"

பூபதியின் இரண்டு கைகளும் கம்பியின் மேல் இருந்தன.