கிட்ட வாங்க

கட்டம் அம்மாவின் கண்ணில் நிற்கவில்லை. முதலில் ஸ்டெஃபிக்கு உறுத்தியது அதுதான்.

ஆள் முகம் தெரிந்தால் போதும், அவளுடைய புதுக் கேமரா தானாகவே கண்ணைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றி ஒரு சின்னப் பச்சைக் கட்டம் போட்டுவிடும். இப்போதும் போட்டது. ஆனால் அம்மா டோரிஸ் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கட்டம் அவள் தோளைத் தாண்டி, நீளக் கூடத்தின் கடைசியில், பின்னறை வாசலின் இருட்டில் போய்க் கடுகளவாக நின்றது. மறு நொடி அம்மாவின் கண்ணுக்குத் தாவி வந்துவிட்டது.

திரைச்சீலை ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வேறென்ன நினைப்பாள், பாவம்.

பழைய ராணுவக் குடியிருப்பான போலாரத்தில் அது வெள்ளைக்காரன் காலத்து பங்களா. சாயங்கால மழை ஓட்டுக் கூரையில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாடையோடு, அம்மா படத்துக்கென்று பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியிருந்த பட்டுச்சேலையின் பாச்சை உருண்டை மணமும் கலந்து கூடம் முழுக்கக் கனத்துக் கிடந்தது. பக்கத்துச் சுவரில் அப்பா ஜோசியாவின் படம். போன மழைக்காலத்தில் அவர் திடீரென்று போனபோது, தனியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. யாரோ ஒருவர் கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது இது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சாம்பல் தீற்றல். கேமரா அதை முகமென்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அம்மாவின் முகமும் அப்படிக் கலைந்து போய்விடக் கூடாது. இமைமயிர் ஒவ்வொன்றும் தெரிய ஒரு படம் வேண்டும். ஸ்டெஃபி கேமரா வாங்கியதே அதற்காகத்தான். மாதாப்பூர் ஆபீஸில் உடன் வேலை செய்யும் சந்தீப் இரண்டு லென்ஸ்களைக் கொடுத்து, பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். ஒன்று ஐம்பது மில்லிமீட்டர், மற்றது தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் எண்பத்தைந்து. மழை விட்டதும் வந்து மற்றதை எடுத்துப் போவான்.

"வீட்டுக்குள்ள எண்பத்தஞ்சு நக்கோ, வேணாம் ஸ்டெஃபி," என்றிருந்தான் போனில். "பின்னாடி போய்ப் போய் கடைசில ரோட்ல நின்னு எடுப்ப."

"எங்க வீட்டுக் கூடத்துல ரயிலையே நிறுத்தலாம்ப்பா."

"ஹவ்! அப்ப ஒரே எடத்துல நின்னு ரெண்டையும் மாத்திப் பாரு. ஐம்பதுல எல்லாமே சின்னதாத் தெரியும். அவ்ளோதான் விஷயம்."

எண்பத்தைந்தில் அம்மாவின் முகம் அழகாக வந்தது. பின்னாலிருந்த கூடம் கரைந்து தண்ணீராகியிருந்தது. ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதவில்லை.

"கொஞ்சம் கிட்ட வாங்க," என்றாள் ஸ்டெஃபி.

டோரிஸ் சிரித்துவிட்டாள். "என்னட்டி புதுசா மரியாதை? இங்க நான் ஒருத்திதான இருக்கேன்? வான்னா வாரேன். எதுக்கு ஊரையே கூப்பிடுத?"

"சர்ச் ஃபங்ஷன்ல படம் எடுத்து எடுத்து வாய்ல ஒட்டிக்கிச்சும்மா."

"உங்கப்பாவக் கூட நீ ஒருநாளும் வாங்கன்னதில்ல. இந்தா வாரேன்ட்டி." டோரிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலிக் கால்கள் தரையில் தேய்ந்த சத்தம் நின்றது.

நின்ற பிறகு இன்னொரு சத்தம். பின்னறைப் பக்கம், ஈரமான எதையோ தரையில் இழுத்தது போல. அதுவும் நின்றது.

மழைதான்.

நின்ற இடத்திலிருந்து அசையாமல் ஸ்டெஃபி ஐம்பதை மாட்டினாள். சந்தீப் சொன்னபடி எல்லாம் சிறுத்தன. அம்மா சிறுத்தாள், ஜன்னல் சிறுத்தது, தூரத்து வாசலும் சிறுத்தது. அம்மாவுக்குப் பின்னால் மறுபடியும் வந்து நின்ற அந்தக் கட்டம் மட்டும் சிறுக்கவில்லை. கடுகாக இருந்தது புளியங்கொட்டை அளவுக்குப் பெருத்திருந்தது.

ஐம்பதில் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான் உண்டு: கிட்டே வருவது.

கேமராவைத் தாழ்த்தினாள். அம்மா மட்டும்தான். உயர்த்தினாள். கட்டம், அம்மாவின் நாற்காலி முதுகை ஒட்டி.

"அம்மா, பின்னால யாராச்சும் இருக்காங்களா?"

"மழைக்குப் பூனை ஒதுங்கியிருக்கும். சீக்கிரம் எடுட்டி, இடுப்பு விட்டுப் போவுது."

"இங்க பாருங்க," என்றது ஸ்டெஃபியின் நாக்கு. பழக்கம்.

அம்மா பார்த்தாள். புன்னகைத்தாள். கட்டமும் லேசாக நிமிர்ந்தது.

கேமராவில்தான் கோளாறு. லென்ஸை மாற்றினால் சரியாகிவிடும். மறுபடி எண்பத்தைந்தை மாட்டினாள். திரையில் அம்மா தெரியவில்லை. திரை முழுக்கக் கட்டம். உள்ளே இருட்டு. ர்ர்ர் என்று லென்ஸ் முன்னும் பின்னும் துழாவியது. பிடிபடவில்லை. ஒரு கை நீளத்துக்குள் இருப்பதை அந்த லென்ஸ் பிடிக்காது.

ஒரு கை நீளம்.

பாச்சை உருண்டை மணம் போய்விட்டது. முகத்தில் ஈரக் குளிர். மூச்சுப் போல.

"போங்க," என்றாள்.

அவளைக் குறை சொல்லாதீர்கள். நீங்களும் நானும் அங்கே நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

கட்டம் மறைந்தது. துழாவல் நின்றது. திரையில் அம்மா, நாற்காலியில், அதே புன்னகையோடு. கண்கள் திறந்திருந்தன. ஒவ்வொரு இமைமயிரும் தெரிந்தது.

கட்டம் மட்டும் விழவில்லை.

கேமராவை அசைத்தாள். நேரே முகத்துக்கு நீட்டினாள். விழவில்லை. அப்பாவின் படத்தைப் போலவே, அம்மாவின் முகத்தையும் கேமரா முகமென்று எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் பார்த்தாள். கூடத்தின் கோடியில் இரண்டு கட்டங்கள். பக்கத்துப் பக்கத்தில். முகத்தைத் திருப்பாமல், அவளைப் பார்த்தபடியே, பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

போங்க என்று சொல்லியிருந்தாள். ஒருவருக்கும் அதுதான். இருவருக்கும் அதுதான்.

அம்மா, வா என்று கத்த வாயைத் திறந்தாள். முதல் சொல் வெளியே வரவில்லை. மிச்சம் மட்டும் வந்தது.

"வா."

ஒருவருக்கான சொல். இரண்டு கட்டங்களும் நின்றன. ஒன்று துடித்தது. மற்றது அதை முந்திக்கொண்டு புறப்பட்டது. கடுகு. புளியங்கொட்டை. கூடத்தைக் கடந்து, நாற்காலியைச் சுற்றி, அம்மாவின் கண்ணில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது.

டோரிஸ் இமைத்தாள்.

"அம்மா?"

டோரிஸ் தலையைச் சாய்த்துப் புன்னகைத்தாள்.

"வந்துட்டேங்க."

அவள் தோளுக்குப் பின்னால், தூரத்து வாசலின் இருட்டில், கடுகளவாக ஒரு பச்சைக் கட்டம் ஸ்டெஃபியையே பார்த்தபடி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.