செப்புத் தகட்டில் ஒரு முகம்

செப்புத் தகட்டில் குழந்தையின் கண்களைத் திறந்தபடி செதுக்கியது லீன்ஹார்ட்டுக்கு நன்றாக நினைவிருந்தது. அச்சிலிருந்து எடுத்த தாளிலோ அவை மூடியிருந்தன.

கல்லறைக்கான அலங்காரப் படம் அது. கொடியும் இலையும் சுருண்டு நெளிய, நடுவே சிறகு முளைத்த குழந்தை முகம். ஞானஸ்நானப் படமென்றால் குழந்தை விழித்திருக்கும், இலை துளிர்த்திருக்கும். சாவுப் படமென்றால் இரண்டும் வாடிக் கிடக்கும். சாவுப் படத்துக்கு உயிரோடிருக்கும் பிள்ளையின் முகத்தை ஆக்ஸ்பர்க் நகரத்துச் செதுக்குக்காரன் எவனும் மாதிரியாக எடுக்கமாட்டான். லீன்ஹார்ட் எடுத்துவிட்டான். அவசர வேலை, தொட்டிலில் மகள் ரெகீனா கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து வைத்தால் தோஷமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"என்னங்க, புள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது," என்றாள் மனைவி அஃப்ரா உள்ளறையிலிருந்து. "கண்ணையே தொறக்க மாட்டேங்கிறா."

"இதோ வந்துட்டேன்."

போகவில்லை. ஆளிவிதை எண்ணெயும் கரியும் கலந்த மையின் வாடை தொண்டையை அடைக்க, வெளியே வாய்க்கால் நீர் பனிக்கட்டிக்கு அடியில் முனக, இன்னொரு தாளை நனைத்துத் தகட்டின் மேல் வைத்து அச்சு உருளைக்குள் விட்டான். இம்முறை ஓர் இலை குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. அவன் செதுக்காத இலை. அடுத்த தாளில் அது வாயருகே வந்திருந்தது.

உள்ளே ரெகீனா மூச்சுக்குத் திணறினாள்.

"அஃப்ரா, அவ கழுத்துல ஏதாவது சுத்தியிருக்கா?"

"புத்தி பிசகிடுச்சா உங்களுக்கு? வைத்தியரக் கூட்டிட்டு வாங்க."

அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தகட்டில் தப்பு விழுந்தால் சுரண்ட வேண்டும். இலையைச் சுரண்டிப் பார்த்தான், கத்தி பிடிக்காமல் வழுக்கியது. படத்தில் முகமே இல்லாவிட்டால் சாவுக்கு அவளை எப்படி அடையாளம் தெரியும்? அந்த நினைப்பு வந்ததும் நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

சுரண்டினான். கன்னம். மூக்கு. வாய். எண்ணெய் விட்டுத் தேய்த்தான். இன்னும். இன்னும்.

திணறல் நின்றது.

"சூடு இறங்கிடுச்சுங்க," என்றாள் அஃப்ரா. குரல் சரியில்லை. "வெளக்கக் கொண்டாங்க. இருட்டுல ஒண்ணும் புரியல. கைக்கு வழவழன்னு இருக்கு."

விளக்கோடு போனான். தொட்டிலில் ரெகீனா கைகாலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. அப்பாவின் காலடி கேட்டு எப்போதும்போல் அவன் பக்கம் திரும்பினாள்.

அவள் நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு கோடுகூட இல்லை. மெருகேறிய அந்த வழவழப்பில் விளக்கின் சுடர் தெரிந்தது. அதன் பக்கத்தில் அவன் முகம் தெரிந்தது.