மூங்கிப்பள்ளத்துக் குரல்

சித்ராதேவி ஒரு தடவைதான் கூப்பிட்டாள். பள்ளம் இரண்டு தடவை கூப்பிட்டது.

மலைக்குக் குடிவந்த மறுநாள் காலை அது. சமையல்கட்டின் பின்வாசலில் நின்று காப்பியை ஆற்றிக்கொண்டே, கீழே எலுமிச்சை மரங்களுக்கு நடுவில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்த கணவனை நோக்கி அவள் போட்ட "ஏனுங்க!" என்ற சத்தம், வேலிக்கு அப்பால் சரிந்து இறங்கும் பள்ளத்துக்குள் போய், எதிர்ப்பாறையில் முட்டித் திரும்பி வந்தது. எதிரொலியைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று சிரித்துக்கொண்டாள். டம்ளரை எடுக்கத் திரும்பியபோது மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை மெதுவாக. மறைவில் நின்று ஒருத்தி சொல்லிப் பழகுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது.

மருதாசலத்துக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் காது அப்படி. திருமுருகன்பூண்டியில் வீட்டை ஒட்டிய ஷெட்டில், முப்பது வருடம் நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே நின்றவர். அந்தப் பக்கம் அவருடைய ஷெட், இந்தப் பக்கம் வேறொருவருடைய ஷெட். இரவும் பகலும் சுவர் அதிரும். அலமாரியில் பாத்திரங்கள் நடுங்கும். சோற்றுத் தட்டில் பஞ்சுத் தூசு வந்து படியும். காதில் வைக்க வாங்கிய கருவியை, "குய்யினு கத்துது" என்று கழற்றி எறிந்தார். மகள் சுபஸ்ரீ கல்யாணமாகி ஓசூர் போன பிறகு ஒருநாள் அவரே சொன்னார், "போதும் புள்ள. மெஷினைக் குடுத்துட்டு மலைக்குப் போயிரலாம்."

உடுமலைக்கு மேலே, ஜீப் மட்டுமே ஏறும் பாதை முடிகிற இடத்தில், காப்பிச் செடிகளுக்கு இடையே சிதறிக் கிடந்த கொஞ்சம் வீடுகள்தான் மூங்கிப்பள்ளம். ஈரமண்ணும் காப்பிப் பூவும் கலந்த வாசனையில் முதல் நாள் அவள் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

போகப்போகத்தான் அந்த அமைதியில் ஏதோ சரியில்லை என்று பட்டது. அங்கே யாரும் யாரையும் சத்தம்போட்டுக் கூப்பிடுவதில்லை. தோட்டத்தில் இருக்கும் ஆள் வேண்டுமென்றால் நடந்துபோய்த் தோளைத் தொட்டார்கள். பெண்கள் பேசி அவள் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் கீரைக்கட்டு கொண்டுவந்து கொடுத்தாள், எப்படிச் சமைப்பது என்று கையை அசைத்துக் காட்டினாள், சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் புருஷன் வெள்ளியங்கிரி விறகு கொடுக்க வந்தபோது சித்ராதேவி கேட்டாள். "உங்க ஊட்டுல அவங்களுக்குப் பேச்சு வராதுங்களா?"

"முந்தி வந்துச்சுங்க." விறகை இறக்கிவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மிணி, நீங்க உங்க ஊட்டுக்காரரை நெம்பச் சத்தமாக் கூப்புடறீங்க."

"அவருக்குத்தான் காது கேக்காதுங்களே. என்ன பண்றதுங்க?"

"கிட்டப் போயிச் சொல்லுங்க. பள்ளத்தைப் பாத்துக் கூப்புடாதீங்க."

"ஏனுங்க, கூப்புட்டா என்னாகும்?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். வேலியோரம் ஜானகியம்மாள் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அவர், அவள் நின்ற பக்கத்தை விட்டுச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். சொந்த மனைவியைப் பார்த்து ஒரு மனிதன் அப்படி ஒதுங்கி நடந்து அவள் கண்டதில்லை.

அதன்பிறகு அவள் கத்திக் கூப்பிடவில்லை. ஆனால் கூப்பிடும் சத்தம் நிற்கவில்லை.

மத்தியானம் சாப்பாடு முடிந்து, வெயில் திடீரென்று வெளுத்து, பள்ளத்திலிருந்து மூடுபனி மரங்களைத் தடவிக்கொண்டு மேலேறும் நேரத்தில் அது கேட்கும். முதலில் தூரத்தில். அப்புறம் வேலிக்குக் கீழே. அவளுடைய "ஏனுங்க"தான். "னு"வில் கொஞ்சம் இழுத்து, கடைசியில் செல்லமாக இறக்கும் அதே குரல். கல்யாணமான புதிதில் அப்படித்தான் கூப்பிடுவாள். மெஷின் சத்தத்தில் அதெல்லாம் என்றோ போய்விட்டது. அவளே மறந்துபோன அந்தக் குரலில் அது கூப்பிட்டது.

அவளுக்குத் தொண்டை கட்டத் தொடங்கியிருந்தது. குளிர்தான் என்று மிளகு கஷாயம் குடித்தாள். குரல் நாளுக்குநாள் இறங்கியது.

ஒரு சாயங்காலம் மருதாசலம் தோட்டத்திலிருந்து வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"மலைக்காத்து எனக்கு நல்லா ஒத்துக்கிச்சு புள்ள. நீ கூப்புட்டா இப்பெல்லாம் தெளிவாக் கேக்குது."

அவள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"மத்தியானம் பள்ளத்துக்கிட்ட நின்னு கூப்புட்டியே. வேலை கிடந்துச்சு, வர முடியல. இல்லைன்னா இறங்கி வந்திருப்பேன்."

மத்தியானம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். அவர் காதோரம் போய், தொண்டை வலிக்க வலிக்கச் சொன்னாள். "நான் கூப்புடலீங்க. அது நானில்லீங்க."

"என்ன? சத்தமாச் சொல்லு."

மறுநாளே சுபஸ்ரீக்குப் போன் செய்தாள். சிக்னல் கிடைக்கும் பாறைமேல் நின்று, "வந்து எங்களைக் கூட்டிட்டுப் போயிரு கண்ணு" என்றாள்.

"அம்மா? நீங்களா பேசறீங்க?" மகள் பயந்துவிட்டாள். "உங்க குரலே இல்லையே. ஆரோ பேசற மாதிரி இருக்குது. உடம்புக்கு என்னாச்சு? நாளைக்குக் காலையில கார் எடுத்துட்டு வந்தர்றோம்."

ஓர் இரவுதான். அதற்கு முன்னால் இந்த மத்தியானத்துப் பனி.

துணிமணிகளைப் பையில் அடுக்கினாள். பனி ஏறுவதற்கு முன்பே அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்து வந்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். இரண்டு கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலில் அவரை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து இறுக்கிக்கொண்டாள். காய்த்துப்போன கை. மெஷின் எண்ணெய் வாசனை இன்னும் அதில் லேசாக இருந்தது. அந்த வாசனை அவளுக்குத் தைரியம் கொடுத்தது.

கண்ணாடிக்கு வெளியே எலுமிச்சை மரங்கள் மறைந்தன. அப்புறம் வேலி. அப்புறம் வாசற்படி.

"ஏனுங்க."

வேலியில் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம்.

மருதாசலம் நிமிர்ந்தார். "வர்றேன் புள்ள" என்றார் கதவைப் பார்த்து.

அவள் கையை இன்னும் இறுக்கினாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மூடியிருந்த அவள் உதடுகளைப் பார்த்தார். மறுபடி கதவை.

"நீ வெளியிலயா இருக்கறே?" என்று கதவிடம் கேட்டார். "அப்ப இங்க என் கையப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறது ஆரு?"

கதவுக்கு வெளியே பதில் வந்தது. அவளுக்கு வார்த்தைகள் புரியவில்லை. குரல் மட்டும் புரிந்தது. அக்கம்பக்கத்தில் ஒருத்தியைப் பற்றி ரகசியம் சொல்லும்போது தான் எப்படிக் குரலைத் தாழ்த்துவாளோ, அப்படி. நீளமாகச் சொன்னது. நிதானமாக.

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க முகம் மாறியது. சிரிப்பு போனது. நிறம் போனது. கண்ணை அவள்மேலிருந்து எடுக்காமல், தன் கையை மெல்ல, ஒவ்வொரு விரலாக, அவள் கைகளிலிருந்து உருவிக்கொண்டார்.

"ஏனுங்க!" என்று அலறினாள்.

வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

மறுபடி அலறினாள். காற்று.

அவர் சுவரோரமாகவே நகர்ந்தார். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அவளுக்கு எட்டாத தூரமாகப் பார்த்துப் பார்த்து. கதவை அடைந்ததும் தாழ்ப்பாளை எடுத்தார்.

பனி உள்ளே வந்தது. படியில் யாருமில்லை.

மருதாசலம் ஒதுங்கி வழிவிட்டார். எதையோ உள்ளே வரவிட்டு, கதவைச் சாத்தினார். "இப்படியா நனைவாங்க" என்றார். எத்தனையோ வருடமாக அவள் கேட்காத கனிவு அந்தக் குரலில். கொடியில் கிடந்த துண்டை உருவி, தன் மார்பு உயரத்தில், வெறும் காற்றில் போட்டு, ஈரம் துவட்டத் தொடங்கினார்.

துண்டு கீழே விழவில்லை. வெள்ளைத்துணி கொஞ்சம் கொஞ்சமாக நனைந்து கறுத்தது. ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சிமெண்ட் தரையில். ஒவ்வொரு சொட்டாக.

அந்த ஈரத்துணிக்கு அடியில், அவர் விரல்களுக்கு நடுவே, ஒரு தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது.