நடக்காத ஏழாவது கோடு

மத்தியானம் கணினியைத் திறந்தபோது, ஏழாவது கோடு இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று காட்டியது. காலையில் அது இருநூறு. நில அளவைக்காரன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். அந்தக் கோடு வளர வழியே இல்லை. அதில் அவன் நடக்கவே இல்லையே.

கடலோரச் சதுப்பில் எத்தனையோ காலத்து இலையும் வேரும் மக்கிக் கிடக்கும் கறுப்பு நிலத்துக்கு அடியில் எவ்வளவு எரிவாயு தேங்கியிருக்கிறது என்று கணிப்பதுதான் அவன் வேலை. வாயு உள்ள இடத்தில் துளை போட்டால் தரை ஆளோடு உள்வாங்கிவிடும். ரேடார் பெட்டியைக் கயிற்றில் கட்டி நேர்கோட்டில் இழுத்துக்கொண்டு நடந்தால், கீழே இருப்பது வரிவரியாய்ப் படமாக விழும். ஆறு கோடுகள் ஒழுங்காக நடந்தான். ஏழாவதில் முதல் அடியிலேயே சேறு பூட்ஸைக் கவ்வி உறிஞ்சியது. பயந்து ஓடி வந்துவிட்டான். வெளியே சொல்ல வெட்கம். ஆறாவது படத்தையே நகலெடுத்து, ஏழு என்று பெயர் மாற்றி, ‘வாயு இல்லை, துளையிடலாம்’ என்று கையெழுத்தும் போட்டுவிட்டான்.

இன்று அங்கே துளை போடப் போயிருப்பது அவன் அக்கா புருஷன்.

மின்விசிறியின் கிறீச்சொலிக்கும், பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தும் ஓசைக்கும் நடுவே, மூடிய ஜன்னலைத் தாண்டி எங்கிருந்தோ ஊறிய இலையின் அழுகல் வாடை மெல்ல வந்து அவன் மேசையில் உட்கார்ந்துகொண்டது.

இருநூற்று இருபது.

போன் அடித்தது.

“என்ன மாப்ளே, சாப்டியா?”

“அத்தான்… எங்க இருக்கீங்க?”

“உன் ஏழாவது கோட்டுலதான். நானும் துளை போடுற பசங்க ரெண்டு பேரும். தரை கொழகொழன்னு இருக்கு. நீ நடந்த எடம்தானேன்னு தைரியமாப் போறோம். தம்பி வேலைன்னா கண்ண மூடிட்டு நம்பலாம்னு உங்கக்கா பெருமை தாங்கல, போ!”

எதிர் மேசையில் மேலாளர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். சொல்லியிருக்கலாம். அவர் காதில் விழுமே.

“ம்… பாத்துப் போங்க.”

சொன்ன வாயை அறைந்துகொள்ளத் தோன்றியது. அத்தான் போனை அணைக்காமல் பையில் போட்டிருக்க வேண்டும். கோரைப் புல் மேல் எதுவோ இழுபடும் ஓசை. சரக். சரக்.

ஒவ்வொரு ‘சரக்’குக்கும் திரையில் ஒரு வரி.

இருநூற்று முப்பது. கறுப்புக்குக் கீழே வெள்ளையாய் ஒரு புடைப்பு. வாயு. வீட்டளவு.

“அத்தான்! திரும்பிடுங்க!” அறையே திரும்பிப் பார்த்தது. “நான் அங்க நடக்கவே இல்ல! பொய் எழுதிட்டேன்!”

அத்தான் பையிலிருந்து போனை எடுக்கும் சத்தம். பிறகு, சிரிப்பு.

“விளையாடாத மாப்ளே. அப்போ எங்களுக்கு முன்னால பெட்டிய இழுத்துட்டு ஒருத்தன் போறானே, அது யாரு? அச்சு அசலா உன் நடை. உன் சட்டை. இரு… திரும்புறான்.”

சிரிப்பு நின்றது.

“மாப்ளே, இவனுக்கு…”

அவ்வளவுதான். சேறு வாய் மூடும் சத்தம்.

இருநூற்று நாற்பது. வெள்ளைப் புடைப்புக்குள் மூன்று கறுப்புக் கீறல்கள். ஆள் உயரம். நின்ற வாக்கில். நடுவில் இருந்தது காதோடு கையை வைத்திருந்தது.

போனில் மறுபடி, நிதானமாக, சரக்.

இருநூற்று நாற்பத்தொன்று.