பொய் ஜன்னல்

மாட்டுங்காவில் வெள்ளைக்காரன் ஒருவன் தன் ஊர் நினைப்பில் கட்டிய செங்கல் வீடு அது. பூச்சு கிடையாது. பம்பாய்ப் புழுக்கத்துக்குப் புகைபோக்கி வேறு! முகப்பில் வலப்பக்கம் ஜன்னல் இருந்தால் இடப்பக்கமும் இருந்தாக வேண்டுமாம். அதனால் மாடியில் ஓரிடத்தில் ஜன்னல் வளைவை மட்டும் கட்டி, நடுவில் செங்கல்லை அடைத்துவிட்டான். எல்லாம் பார்வைக்குத்தான்.

இப்போது அது பாதுகாக்கப்பட்ட கட்டடம். ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். தாராவியிலிருந்து மாடியறைக்குக் குடிவந்த மாரிக்கண்ணன் ஆணியா அடித்தான்? ஏசி வைக்க அந்தப் பொய் ஜன்னலையே காலையில் இடித்துத் தள்ளினான். அதற்குள் அவன் பெண்டாட்டி பேராச்சி, ஆண்டாப் ஹில் சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டு, “எங்க பங்களாவுக்கு ஏசி வருது” என்று வயிற்றெரிச்சலைக் கிளப்பியாயிற்று.

ஏசிக்காரனைக் கூட்டிவர மாரிக்கண்ணன் கீழே போனான். பேராச்சி செங்கல் தூசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த அறைக்கு வேறு ஜன்னல் இல்லை. ஓட்டை வழியே உச்சி வெயில். ஆனாலும் அறை மெல்ல மங்கியது. மேகமாக்கும் என்று நினைத்தாள்.

ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது.

பிறகு, முதுகுக்குப் பின்னால், கொத்தனார் கரண்டி செங்கல்லில் உரசுகிற சத்தம். சர்ரக்... சர்ரக்...

திரும்பினாள். இடித்த ஓட்டை பாதியாகியிருந்தது.

கதவுக்கு ஓடினாள்.

கதவு இருந்த இடத்தில் செங்கல்.

“என்னங்க, கதவக் காணோம்!” போனில் அவள் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“கதவு என்ன, சாய் குடிக்கவா போவும்? நல்லாப் பாருட்டி. தெருமுனைலதான் நிக்கேன். வாரேன்.”

“சீக்கிரம் வாங்க. இங்க ஆரோ...”

போன் அணைந்தது.

அவள் கண்ணை எடுக்கும்போதெல்லாம் ஒரு செங்கல் கூடியது. காற்று கனத்தது. கை நுழையும் அளவு வெளிச்சமே மிச்சம். வலக்கையை அதில் திணித்து வெளியே நீட்டி ஆட்டினாள். அந்தப் பக்கம் பால்கனி இல்லை, கால் வைக்க ஒரு விளிம்புகூட இல்லை. நேரே தெருதான்.

கீழேயிருந்து மாரிக்கண்ணனின் குரல் வந்தது.

“ஏட்டி பங்களாக்காரி! ஓட்டைய எதுக்கு அடைச்ச? பாத்துட்டேன், பாத்துட்டேன். ஒத்தக் கைய ஆட்டுனாப் போதாதா? ரெண்டயும் எதுக்கு ஆட்டுத?”

பேராச்சியின் இடக்கை உள்ளேதான், சுவரில் ஊன்றியபடி இருந்தது.

வெளியே, அவள் வலக்கை விரல்களுக்கிடையில், சுண்ணாம்பு ஈரத்தோடு ஐந்து விரல்கள் மெல்லக் கோத்துக்கொண்டன.