அறுபத்தொன்றாம் சேனலின் ஒரே நேயர்

தொட்டியிலிருந்த மூன்று தங்கமீன்களும் கண்ணாடியின் ஒரே பக்கமாக ஒண்டிக் கிடந்தன. வெண்டல் தொட்டியைத் திருப்பி வைத்தான். பின்சுவர்ப் பக்கத்தை விட்டு விலகி, மறுபடியும் எதிர்ப்பக்கமாகவே போய் ஒண்டிக்கொண்டன.

நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் கேமராவை அந்தத் தொட்டி மேல் திருப்பி வைப்பது குன்றின் மேலிருந்த அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் வழக்கம். போகப் போக நிகழ்ச்சியே இல்லாமல் போய், மீன்கள்தான் மிஞ்சின. பென்சில்வேனியாவின் இந்த நிலக்கரி ஊரில் அறுபத்தொன்றாம் சேனலைப் பிடிக்க டி.வி.யோடு தனியாக இன்னொரு பெட்டி வாங்கி இணைக்க வேண்டும்; எவன் வாங்குவான்? எட்டு மாதம் ஈ ஓட்டியாயிற்று. இன்று, 1954 பிப்ரவரியின் கடைசி நாள், மாலை ஐந்துக்கு மூடிவிடச் சொல்லி முதலாளி எழுதியிருந்தார். குன்றின் மேல் மிச்சமிருந்தவன் வெண்டல் ஒருவன்தான். பேச ஆளில்லாமல் அவன் பாதி ஊமையாகியிருந்தான், பாவம்.

நாலரைக்குக் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, நாற்காலியில் உட்கார்ந்தான்.

"யாராவது ஒருத்தராவது பார்க்கிறீங்களா? ஒரு போன் பண்ணுங்க. அது போதும் எனக்கு."

வெளியே பனி சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒளிபரப்புக் கருவிகளில் சூடேறிய வால்வுகளின் தூசி வாசனையோடு, நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை ஒன்றும் சுவர்ப் பக்கமிருந்து மெல்ல வந்தது. தொலைபேசி அடித்தது.

"நான் ஓர்ஃபா பேசறேன் தம்பி, சுரங்கத் தெருவிலேருந்து. ஊர்லயே அந்தப் பெட்டிய வாங்கின ஒரே பைத்தியம்!"

அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "தினமும் பார்ப்பீங்களாம்மா?"

"தினமும்தான். ஆமா, உங்க பின்னால கறுப்புக் கோட்டு போட்டு நிக்கிறாரே, அவர் யாரு?"

வெண்டல் திரும்பினான். சுவர். அதிலிருந்த கதவு. வேறொன்றுமில்லை.

"இங்கே யாருமில்லையேம்மா."

"விளையாடாதீங்க. மீன் தொட்டிக்குப் பின்னால எப்பவும் நிப்பாரே. நான் பார்க்கிற வரைக்கும் ஆடமாட்டார், அசையமாட்டார். அடுப்படிக்குப் போயிட்டு வந்தா ஓரடி கிட்ட வந்திருப்பார். இப்போ உங்க தோளுக்கிட்ட நிக்கிறார்."

கதவுக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும்.

"அம்மா, கண்ணை எடுத்துடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஐயோ, சூப் பொங்குது! ஒரே நிமிஷம்."

"போகாதீங்கம்மா!"

போனில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்தது. ஈரக் கம்பளி. பிடரியில் குளிர். ஓரடி.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. அந்த அமைதியில், ரிசீவரிலிருந்து வந்த குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வந்துட்டேன் தம்பி. அட, இடம் மாறிட்டீங்களே! அவர் உட்கார்ந்திருக்கார், நீங்க சுவரோரமா நிக்கிறீங்க."

வெண்டல் கத்தப் பார்த்தான். உதடு அசையவில்லை. கால் அசையவில்லை. எதிரே, அவனுடைய நாற்காலியில், கறுப்புக் கோட்டின் முதுகு. தோள்மேல் உருகாத பனி. அது ரிசீவரைக் காதோடு அணைத்து, வெண்டலின் குரலிலேயே கெஞ்சியது.

"இனிமே எங்கேயும் போகாதீங்கம்மா. பார்த்துக்கிட்டே இருங்க."