தூங்காதவள்

மாலை நான்கு மணிக்குப் பன்னிரண்டு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு அதுதான் கடைசிக் கூட்டம். வழிகாட்டி அவர்களைக் கல்வீட்டுக்குள் அழைத்துப் போனாள். இருநூறு வருஷத்துப் பண்ணை வீடு, இப்போது அருங்காட்சியகம். தொழுவத்தையும் தானியக் கிடங்கையும் காட்டி முடிப்பதற்குள் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். விடட்டும். சமையலறைக்கென்று அவளிடம் ஒரு கதை இருந்தது.

"இந்தத் தொட்டில்லதான் பண்ணைக்காரரோட குழந்தை கிடந்துச்சு. பார்த்துக்க வேண்டிய வேலைக்காரி, எரியிற அடுப்பை அப்படியே விட்டுட்டு அசந்து தூங்கிட்டா. புகையில மூச்சு முட்டி..."

"அடிப்பாவி!" என்றாள் ஒரு பெண்மணி.

குழந்தை புகையில் செத்தது நிஜம். பழைய கடிதத்தில் இருக்கிறது. வேலைக்காரி தூங்கியது மட்டும் பச்சைப் பொய். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டம் கலையாமல் இருக்க இவள் அளந்துவிட்டது. மேலதிகாரி மகிழ்ந்துபோய் அதைப் பலகையிலேயே எழுதி மாட்டிவிட்டார். ஆறு வருஷமாக வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அந்தச் செத்தவளைத் திட்டுகிறார்கள். இவளுக்கு நெஞ்சு குறுகுறுக்கும். உண்மையைச் சொல்லத்தான் நாக்கு எழாது.

கூட்டம் போனதும், தூசி படாமல் தொட்டில்மேல் துணியை விரித்தாள். தினமும் விரிப்பாள். காலையில் அது நாலாய் மடித்துக் கிடக்கும். பெருக்குகிறவளைக் கேட்டால், "நான் எதுக்குக்கா அதைத் தொடப்போறேன்?" என்பாள்.

புகை வாசனை வந்தது.

நூறு வருஷமாக எரியாத அடுப்பு அது.

காதோரம் ஒரு பெண்குரல் கிசுகிசுத்தது. "நான் தூங்கலை."

எடுத்தாளே ஒரு ஓட்டம்! பூட்டினாளா இல்லையா என்றே நினைவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து தன் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். கணவனுக்கு நைட் ஷிப்ட். பயத்தில் ஜன்னலையெல்லாம் இறுகச் சாத்தினாள். குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் போர்த்திவிட்டு, பாலை அடுப்பில் வைத்தாள். பொங்கும்வரை சற்று உட்காரலாம் என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

கண் விழித்தபோது வீடு இருட்டியிருந்தது.

பால்!

விழுந்தடித்து ஓடினாள். பொங்கி வழிந்த பால் தீயை அணைத்து, அடுப்பெல்லாம் காய்ந்து கிடந்தது. இந்நேரம் வீடு முழுக்க கேஸ் நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் அடுப்பின் திருகை யாரோ மூடியிருந்தார்கள். ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

திருகின்மேல் கரி படிந்த விரல் தடம்.

குழந்தை நிம்மதியாக மூச்சுவிட்டது. அதன் கால்மாட்டில் போர்வை நாலாய் மடித்துக் கிடந்தது.

"ஐயோ தாயே, உன்னையா சொன்னேன்..." தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் முதல் வேலையாகப் பலகையைக் கழற்றினாள்.

"ஏம்மா, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் மேலதிகாரி.

"பொய் சார். தூங்கினது அவ இல்லை. நான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று மாலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டைத் திறந்தாள். லேசாகப் புகை வாசனை அடித்தது. உள்ளே வெறும் தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

குழந்தை அதைப் பார்த்துச் சிரித்து, யாரிடமோ தாவுவதுபோல் இரண்டு கையையும் நீட்டியது.